ரசீது போடாத தெண்டம்

எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் அப்பாவின் காகிதங்கள் கொஞ்சம் கிடந்தன. ரேஷன் கார்டு, காலனி வீட்டுப் பட்டா நகல், கூட்டுறவுச் சங்கத்தின் கடன் நோட்டீஸ். இவற்றோடு மடிப்பு விட்டுப்போன ஒரு ரசீது. ஐம்பது ரூபாய். 1984. கோர்ட்டில் கட்டிய அபராதம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் காகிதத்தைச் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார். "கட்டியாச்சுன்னு காட்டணும்ல. நாளைக்கு வந்து கட்டலன்னு சொன்னான்னா?" என்பார்.

அதே வாரத்தில் அவர் இன்னொரு அபராதமும் கட்டினார். ஐம்பத்தொரு ரூபாய். அதற்கு ரசீது கிடையாது. ஊர்க்காரர்கள் போட்ட தெண்டம் அது. இந்த இரண்டு அபராதங்களுக்கும் என்ன உறவு என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. புரிந்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மருதையாற்றுப் பக்கம். கரிசல் மண்ணு. பருத்தியும் சோளமும்தான் அன்றைக்கு. ஊர்த்தெருவில் ஒரு சாவு. பறையடிக்க ஆள் வந்து கூப்பிட்டபோது அப்பா வீட்டில் இல்லை. அப்பாயிக்குக் காய்ச்சல் முற்றி, பஸ்ஸில் வைத்து அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். மறுநாள் பொழுது சாயத்தான் திரும்பினார். அதற்குள் சாவு எடுத்தாயிற்று. இரண்டு நாள் கழித்து அரசமரத்தடியில் கூட்டம். தீர்ப்பு ரொம்பச் சுருக்கமானது. ஐம்பத்தொரு ரூபாய் தெண்டம், கோயிலுக்கு எண்ணெய், அப்புறம் ஊர்க் காலில் விழணும். அப்பா பணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார். எண்ணெயும் வாங்கி வைத்தார். ஆனால் விழவில்லை. "பணந் தரேன் சாமி, கால்ல வுழ மாட்டேன். எங்காத்தா சாகக் கெடந்தா, நான் என்னா பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் பஸ் நிற்கிற இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பொது இடத்தில் குடித்துவிட்டுக் கூச்சல் போட்டு, ஆபாசமாகப் பேசி, போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தாராம். அப்பா குடிப்பார், மறைக்க ஒன்றுமில்லை. அன்றைக்குக் குடிக்கவில்லை. காலை ஒன்பது மணி அது.

அந்த 'பெட்டி கேஸ்' நடந்த கோர்ட்டுக்கு அம்மாவோடு நானும் போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது. வெளியே வேப்பமரத்தடியில் முப்பது முப்பத்தைந்து பேரைக் குந்த வைத்திருந்தார்கள். ஒரு ஏட்டு எல்லாருக்கும் பொதுவாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லேன்னு சொன்னீங்கன்னா வாய்தா வாய்தான்னு அலையணும். பஸ்ஸுக்கும் வக்கீலுக்கும் குடுத்து மாளாது. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அம்பதோட போயிரும்." உள்ளே பேரைக் கூப்பிடுவதும், "ஆமாங்கய்யா" என்பதும், தொகையைச் சொல்வதும் ஒரு பீடி பிடிக்கிற நேரத்துக்குள் முடிந்துகொண்டிருந்தன. அப்பாவின் முறை வந்தது. "ஆமாங்கய்யா" என்றார். அன்றைக்கு அவருக்குத் தினக்கூலி ஏழெட்டு ரூபாய்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "செய்யாததச் செஞ்சேன்னு ஏன் சொன்ன?" அப்பா சொன்னார்: "இங்க ஆமான்னு சொன்னா அம்பது. அங்க வுழுந்திருந்தா இதுவும் இல்ல."

அப்பா படிக்காதவர். ஆனால் காலில் விழாததற்கான விலைதான் அந்த இரண்டாவது அபராதம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழும் அதைத்தான் சொல்கிறது. தெண்டம் கட்டுவது, தெண்டனிடுவது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள். ஒன்று காசு, இன்னொன்று நெடுஞ்சாண்கிடையாய் விழுவது. பழைய கடிதங்களில் சின்னவர் பெரியவருக்குத் 'தெண்டனிட்டு' எழுதுவார். காசு கொடுத்தும் விழாதவனை விட்டுவைத்தால் அந்தச் சொல் பாதியாகிப் போகுமே.

இதை எங்கள் ஊர்ப் பகை என்றோ, யாரோ ஒரு போலீஸ்காரரின் கைங்கரியம் என்றோ ஒதுக்கிவிடலாம். நானும் ரொம்பக் காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோது 1816ஆம் வருஷத்து மெட்ராஸ் ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்று கண்ணில் பட்டது. பதினொன்றாம் எண். தாமஸ் மன்றோ தலைமையிலான குழுவின் யோசனைப்படி அந்த ஆண்டு வந்த நீதித்துறைச் சட்டங்களில் ஒன்று. இன்றைக்கும் சென்னையில் அங்கவடி இல்லாத குதிரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோ. குடியானவனின் தோழன் என்று நம் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எந்தக் குடியானவன் என்று அவர்கள் எழுதுவதில்லை.

கிராமத் தலைவருக்கு, அதாவது ஊர் மணியத்துக்கு, அந்தச் சட்டம் சில்லறைக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. வசைச்சொல், சின்னக் கைகலப்பு, தெருச்சண்டை. எழுத்தில் ஒன்றும் வேண்டாம். வாயால் விசாரித்தால் போதும். குற்றம் செய்தவன் என்று தெரிந்தால் ஊர்ச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் அடைத்து வைக்கலாம். ஆனால் அவன் கீழ்ச்சாதிக்காரனாக, அதாவது அவ்வளவு இழிவான தண்டனையைக் கொடுத்தாலும் தப்பில்லை என்கிற சாதியைச் சேர்ந்தவனாக இருந்தால், ஆறு மணி நேரம் வரை தொழுவில் மாட்டலாம். இது என் வியாக்கியானம் இல்லை. சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்வதன் சாரம் இது.

தொழு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கனமான இரண்டு மரக்கட்டைகள். நடுவில் ஓட்டை. காலை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள். நாலு பேர் போகிற வருகிற இடத்தில், வெயிலில். மாடு கட்டுகிற இடத்துக்கும் தொழு என்றுதான் பேர்.

இந்தச் சட்டத்தை நிதானமாகப் பாருங்கள். குற்றம் ஒன்றுதான். தெருவில் வைதது. வைதவன் ஊர்க்காரன் என்றால் சாவடித் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போவான். சேரிக்காரன் என்றால் காலைக் கட்டையில் கொடுத்துவிட்டு எல்லார் பார்வைக்கும் கிடப்பான். நேரத்தில் பார்த்தால் பாதிதான். அந்தப் பாதி நேரத்தில் ஒரு மனுஷனிடமிருந்து என்னென்ன பிடுங்கிக்கொள்ளலாம் என்று கும்பினிக்காரனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனுநீதியில் ஒரே குற்றத்துக்கு வருணத்துக்கு ஒரு தண்டனை என்று எழுதியிருப்பதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதை வெள்ளைக்காரன் சட்டமாக அச்சடித்து, மணியக்காரன் கையில் கொடுத்ததைப் பேசுவதில்லை. 1821இல் இன்னொரு சட்டம் வந்து, ஒரு ரூபாய்க்கு மிகாத சில்லறைத் திருட்டையும் அதே மணியத்தின் கையில் ஒப்படைத்தது.

எங்கள் பகுதி அப்போது திருச்சினாப்பள்ளி ஜில்லா. அரியலூரும் உடையார்பாளையமும் ஜமீன்கள். நிலம் யார் கையில் இருந்ததோ, வரிவசூல் யார் கையில் இருந்ததோ, அவன் கையில்தான் சாவடிச் சாவியும் இருந்தது. பண்ணையாள் வேலைக்கு வரவில்லை என்று தொழுவில் மாட்ட முடியாது, சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் 'ஆண்டையை வைதான்' என்று மாட்டலாம். விசாரிப்பவனும் ஆண்டை. மணியம், கர்ணம் என்கிற பரம்பரைப் பதவிகளைத் தமிழ்நாட்டில் ஒழித்தது எப்போது? 1980 நவம்பரில். எனக்கு அப்போது எட்டு வயது. அரசமரத்தடியில் அப்பாவுக்குத் தெண்டம் போட்டபோது அந்தப் பதவி போய் நாலு வருஷம்கூட முழுசாய் ஆகவில்லை.

1855இல் மெட்ராஸ் மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த கமிஷனின் அறிக்கை வந்தது. கிட்டி போட்டு விரலை நசுக்குவது, அண்ணாந்தாள் என்று தலையையும் காலையும் சேர்த்துக் கட்டுவது என்று வரிவசூலில் நடந்த கொடுமைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் வருவாய்த்துறையிலிருந்து போலீசைப் பிரித்து, 1859இல் மெட்ராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. தெருவில் குடித்துவிட்டுத் திரிவது, வழியை மறிப்பது, அசிங்கம் செய்வது எல்லாம் அதில் ஒரு பட்டியலாக அடுக்கப்பட்டன. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம். பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்தால் 24 மணி நேரம் சிறை அல்லது பத்து ரூபாய் வரை அபராதம். பொதுத்தொல்லைக்கு இருநூறு ரூபாய் வரை. 1888இல் மெட்ராஸ் நகரப் போலீஸ் சட்டம். அதன் 75ஆம் பிரிவுதான் சென்னைக் குப்பங்களில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த 'செவன்டி ஃபைவ் கேஸ்'. 1889இல் சிறு நகரங்களுக்கென்று நகரத் தொல்லைகள் சட்டம். மாடு பயிரில் இறங்கினால் பட்டியில் அடைத்து யானைக்கு இவ்வளவு, எருமைக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் போட்ட 1871ஆம் வருஷச் சட்டத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அதில் வித்தியாசம் மிருகத்துக்கு மிருகம். வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இந்தப் புதிய சட்டங்களில் கீழ்ச்சாதி என்ற சொல் இல்லை. முற்போக்கு என்று சொல்லலாம்தான். சட்டப் புத்தகத்தில் சாதியை அடித்துவிட்டு ரூபாயை எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே ரூபாய். ஆனால் யாரைப் பிடிப்பது என்பதைப் புத்தகத்தில் எழுத முடியாது. அது தெருவில் நிற்கிறவனின் கண்ணில் இருக்கிறது. தெருவில் எப்படி நடப்பது ஒழுங்கு, எப்படி நடப்பது ஒழுங்கின்மை என்பதை இந்த நாட்டில் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே சாதி எழுதி வைத்துவிட்டதே.

ராமநாதபுரம் பக்கம் 1930இல் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளையும், மறு ஆண்டு பதினொரு தடைகளையும் போட்டதை அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரி ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். நகை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறினால் குடிசை எரியும். அது எழுதி வைத்த பட்டியல். எங்கள் பக்கத்தில் எழுதாமலே தெரியும். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகணும். துண்டு இடுப்பில் இருக்கணும். இறங்காமல் போனவனுக்குத் தெண்டம். எங்கள் சித்தப்பா ஒருவர் ஒரே கோடையில் மூன்று தடவை கட்டியிருக்கிறார். "டிக்கெட் வாங்கிட்டுப் போறமாரி போயிட்டு இருந்தேன்" என்று அவர் சொல்லும்போது எல்லாரும் சிரிப்போம்.

இதற்கு நேர் எதிரான ஓர் அபராதமும் நம் வரலாற்றில் உண்டு. நம் இளைஞர்கள் பலருக்கு அது தெரியாது. 1924 ஆகஸ்டு 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொதுச்சாவடி எதிலும் எந்தச் சாதியார் போவதற்கும் தடையில்லை என்றது அது. தீர்மானத்தை யார் மதிக்கிறார்கள்? கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து சட்டமன்றம் போன வீரையன் விடவில்லை. தடுக்கிறவனுக்குத் தண்டனை வேண்டும் என்று போராடினார். பொது வழியில் நம்மைத் தடுப்பவருக்கு நூறு ரூபாய் வரை அபராதம் என்று 1920களிலேயே சட்டத்தில் ஏறியது. அந்த நூறு ரூபாயைக் கட்டிய ரசீது எந்த ஊர்த்தெரு வீட்டு ட்ரங்குப் பெட்டியிலாவது இருக்கிறதா? இருந்தால் எனக்குப் பார்க்க ஆசை.

சரி, சுதந்திர நாட்டுக்கு வருவோம். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொதுமக்கள் பார்வையில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் குறைந்தது ஆறு மாதம், ஐந்து வருஷம் வரை சிறை. டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர்தான் புலன்விசாரணை செய்யணும் என்று 1995ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது தனிக் குற்றமாகவே ஆகியிருக்கிறது. இவ்வளவும் இருக்கின்றன. ஆனால் காலனியிலிருந்து ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய், பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்கச் சாதிப் பேர் சொல்லித் திட்டினான் என்று சொன்னால், எழுதுகிற கை எங்கே போகிறது? இந்தியத் தண்டனைச் சட்டம் 294(ஆ). பொது இடத்தில் ஆபாச வார்த்தை. முப்பது வருஷமாகக் காலனிக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த முதல் தகவல் அறிக்கைகளில் பாதிக்குமேல் அப்படித்தான். எங்கள் சாதியின் பேர் ஆபாச வார்த்தை! திட்டியவன் ஒரு தொகையைக் கட்டிவிட்டு, வழியில் டீயும் குடித்துவிட்டு வந்துவிடுவான். நம் ஆள் அதே இடத்தில் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் மேலும் அதே பிரிவு. இரண்டு பக்கமும் கேஸ், இரண்டு பக்கமும் அபராதம், சமாதானம். தராசு நேராக இருக்கிறது பாருங்கள் என்பார்கள்.

ஆக, சில்லறைக் குற்றம் என்கிற இந்தப் பை இரண்டு விதமாக வேலை செய்கிறது. நம்முடைய சும்மா இருத்தலைக் குற்றமாக்கி உள்ளே போட்டுக்கொள்கிறது. அவர்களுடைய பெருங்குற்றத்தைச் சில்லறையாக்கி உள்ளே போட்டுக்கொள்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் பெர்குசன் என்று ஒரு சின்ன நகரம். 2014இல் ஒரு கறுப்பின இளைஞனைப் போலீஸ் சுட்டுக்கொன்ற பிறகு, அந்த நாட்டு நீதித்துறையே விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அந்நகர மக்களில் 67 சதவீதம் கறுப்பர்கள். 'சாலையில் நடக்கும் முறை' என்று அங்கே ஒரு குற்றம் உண்டு. அந்தக் குற்றத்துக்குப் பிடிக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் கறுப்பர்கள். அபராதப் பணத்தை நகராட்சி தன் வருமானமாகவே திட்டமிட்டு வசூலித்ததையும் அறிக்கை சொல்கிறது. சாலையில் நடக்கும் முறை! இதைப் படித்தபோது எனக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சித்தப்பாவின் ஞாபகம்தான் வந்தது. இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரு ஒழுங்கீனங்களுக்குப் போலீசே அந்த இடத்திலேயே நோட்டீஸ் கொடுத்து நிர்ணயித்த தொகையை வசூலிக்கலாம். கட்டிவிட்டால் கோர்ட்டும் இல்லை, குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை. மறுத்தால் கோர்ட்டுக்குப் போகணும். வேப்பமரத்தடி ஏட்டு சொன்ன பாடம்தான், அங்கே கொஞ்சம் மரியாதையோடு. பின்லாந்தில் 1921 முதலே ஒருவனுடைய வருமானத்தைப் பார்த்து நாள்கணக்கில் அபராதம் போடும் முறை இருக்கிறது. அம்பது ரூபாய் என்பது எங்கள் அப்பாவுக்கு ஒரு வாரம், ஆண்டைக்கு ஒரு சிகரெட் பெட்டி. இந்த எளிய கணக்கை இங்கே எந்தச் சட்டமன்றமும் போட்டுப் பார்க்கவில்லை.

நம்மிடம் அந்த இடத்திலேயே வசூல் என்பது பெரிய அளவில் வந்தது கொரோனா காலத்தில். 2020 செப்டம்பரில் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தினார்கள். முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500. நோய்க் காலம், விதி வேண்டும்தான். ஆனால் சின்ன வெங்காயம் ஏற்றுகிற மினி லாரியில் பத்துப் பெண்கள் இடைவெளி விட்டு எப்படி நிற்பது? இடைவெளியை விதியாகவே வாழ்ந்து பார்த்தவர்கள் நாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் காலனிக் கிழவி ஒருத்தி, "இத இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களாக்கும்" என்றாள்.

குடி விஷயத்தில் அரசின் நியாயம் இன்னும் விசித்திரமானது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது. விற்பவனும் அரசு, குடித்தவனைப் பிடிப்பவனும் அரசு. கிளப்பில் குடிக்கிறவன் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவான். கட்டட வேலை முடித்து, சிமெண்டு லாரிப் புழுதியில் நின்று குடிக்கிறவன் பொது இடத்தில்தான் நின்றாகணும். அவனுக்கு வீட்டுக்குள் இடம் ஏது? குடி நம் வீடுகளை அழிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. என் சொந்தங்களில் நாலு பேரைப் புதைத்திருக்கிறேன். ஆனால் மாதக் கடைசியில் கேஸ் கணக்குக் காட்டுவதற்காக டாஸ்மாக் வாசலில் வலை விரிப்பதற்குப் பேர் மதுவிலக்கு இல்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 164 வருஷம் பத்து ரூபாயாகவே இருந்த குடித்தகராறு அபராதம் இப்போது ஆயிரம் ரூபாய் வரை. பொதுத்தொல்லைக்கும் ஆயிரம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களில் ஐயாயிரம் வரையிலான தொகையைக் கட்டாவிட்டால் இரண்டு மாதம் வரை உள்ளே போடலாம். 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தியது. பல இடங்களில் கோர்ட் விதிக்கும் தண்டனை போய், அதிகாரி விதிக்கும் அபராதம் வந்திருக்கிறது. வியாபாரிகளுக்கு நிம்மதி என்று பத்திரிகைகள் எழுதின. அதிகாரியே விசாரித்து அதிகாரியே தொகை போடும் சாவடியை நமக்கு 1816லிருந்து தெரியும்.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்குவது வேறு ஒன்று. குடித்தகராறுக்குப் புதிய சட்டத்தில் மூன்றாவதாக ஒரு தண்டனை இருக்கிறது. சமுதாயச் சேவை. கூலி கிடையாது என்று நடைமுறைச் சட்டத்தில் விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். கூலியில்லாமல் ஊருக்குச் செய்கிற வேலைக்கு நம் பக்கத்தில் வெட்டி என்று பேர். சிறைக்குப் பதில் சேவை என்பது நல்ல யோசனைதான், படித்தவர்கள் சொல்கிறார்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என்ன வேலை, யாருக்கு எந்த வேலை? ஒருவனை நூலகத்தில் புத்தகம் அடுக்கச் சொல்வார்கள். ஒருவன் கையில் துடைப்பத்தைக் கொடுப்பார்கள். எவன் கையில் எது போகும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய மாநாடு, சிறையில் நம்மவரை இழிவான வேலைக்கு ஒதுக்கும் விதியை நீக்கக் கோரியது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 3 அன்று. நடுவில் 133 வருஷம்.

ஊர்த் தெண்டத்துக்கு வந்தால், மகாராஷ்டிரத்தில் சாதிப் பஞ்சாயத்து அபராதம் போடுவதையும் ஒதுக்கி வைப்பதையும் குற்றமாக்கி 2016இல் தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே அப்படித் தனிச்சட்டம் கிடையாது. வன்கொடுமைச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்புக்கு ஒரு பிரிவு இருக்கிறது, அதை வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ரசீது இல்லாத தொகையை எதை வைத்து நிரூபிப்பது என்பது ஒவ்வொரு மனுவிலும் வந்து நிற்கிற கேள்வி. இப்போதெல்லாம் கோயில் வசூல் நோட்டில் 'நன்கொடை' என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த நோட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள் என்று பையன்களுக்குச் சொல்லி வருகிறேன்.

கடைசியாக என் அக்கா மகன் கதை. டிகிரி முடித்தவன். பாலத்துக் கட்டையில் நண்பர்களோடு உட்கார்ந்து செல்போனில் பாட்டுக் கேட்டிருக்கிறான். என்ன பாட்டு, எவ்வளவு சத்தம், எந்தத் தெருப் பக்கம் கேட்டது என்பதுதான் பிரச்சினை. பொதுத்தொல்லை என்று கேஸ். ஒத்துக்கொண்டால் இருநூறோடு முடியும் என்று அவனுக்கும் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் சொன்னால் திட்டுவோம் என்று அவனாகவே போய்க் கட்டிவிட்டு வந்துவிட்டான். இரண்டு வருஷம் கழித்து ஓர் அரசு வேலைக்குத் தேர்வானான். விண்ணப்பத்தில் 'வழக்கு ஏதும் உண்டா, தண்டனை பெற்றதுண்டா' என்று ஒரு கட்டம். இல்லை என்று எழுதினால் மறைத்த குற்றம். ஆம் என்று எழுதினால் என்ன ஆகுமோ. காவலர் வேலைக்கான விதியோ இன்னும் கொடுமை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தாலும் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதுவோம் என்று 2003இல் சேர்த்தார்கள். உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008இல் அது செல்லும் என்றது. நிரபராதிக்கே இந்தக் கதி என்றால் "ஆமாங்கய்யா" சொன்னவன் என்ன செய்வான்?

"இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "எறநூறு ரூவா தான மாமா. அது இவ்ளோ தூரம் வரும்னு யாரு கண்டா" என்றான். ரசீது எங்கே என்றால், வாய்க்காலில் கிழித்துப் போட்டுவிட்டானாம், வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று.

தீர்ப்பின் சான்று நகலுக்கு இருவருமாகப் போய் மனுப் போட்டோம். வழக்கு எண் கேட்டார்கள். அவனுக்குத் தேதிகூடச் சரியாக நினைவில்லை, சித்திரையில் என்றான். பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதாகவும், அடுத்த வாரம் வரும்படியும் சொன்னார்கள். அடுத்த வாரமும் போனோம். ஆம் என்று எழுதி, சூழ்நிலையைத் தனித்தாளில் விளக்கி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறான். அந்தத் தாளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் ரசீதை அவனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்ன செக்‌ஷன் மாமா போட்டிருக்கு?" என்று கேட்டான். மை அழிந்து போயிருந்தது. அம்பது மட்டும் தெரிந்தது.